மங்கல் ஒளி: பாக்டீரியா பேசுகிறதா, கசிகிறதா?

1923. கிரிமியாவின் சிம்ஃபெரோபோல் நகரம். உள்நாட்டுப் போர் ஓய்ந்து அதிக நாள் ஆகவில்லை. அங்கே பேராசிரியராக இருந்த அலெக்சாண்டர் குர்விச் இரண்டு வெங்காய வேர்களை எடுத்துக்கொண்டார். ஒரு வேரைச் செங்குத்தாக நிறுத்தினார். இன்னொன்றைப் படுக்கைவசமாக வைத்து, அதன் நுனி முதல் வேரின் விலாவைக் குறிபார்க்கும்படி செய்தார். இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் காற்று மட்டும். இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே விட்டார்.

பிறகு செங்குத்து வேரைச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பிரியும் செல்களை எண்ணினார். எதிர் வேரின் நுனி பார்த்த பக்கத்தில் அதிகம், மறுபக்கத்தில் குறைவு. வித்தியாசம் ஏறக்குறைய கால் பங்கு. நடுவில் மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்தபோது வித்தியாசம் மறைந்தது. குவார்ட்ஸ் துண்டை வைத்தபோது திரும்பி வந்தது. சாதாரணக் கண்ணாடி புறஊதாக் கதிரைத் தடுக்கும், குவார்ட்ஸ் விடும். ஆகவே வேர் நுனியிலிருந்து புறஊதாக் கதிர் ஒன்று வருகிறது, அது அடுத்த செல்லைப் பிரியத் தூண்டுகிறது என்று முடிவு கட்டினார். வைத்த பெயர் மைட்டோஜெனிடிக் கதிர்.

வெங்காயத்தில் தொடங்கியது சீக்கிரமே ஈஸ்டுக்கும் பாக்டீரியாவுக்கும் போனது. ஒரு தட்டில் வளரும் பாக்டீரியா கதிர் அனுப்புகிறது, பக்கத்துத் தட்டில் இருப்பது அதை வாங்கி வேகமாக வளர்கிறது என்று கட்டுரைகள் வரத் தொடங்கின. இன்று "பாக்டீரியா ஒளியால் பேசிக்கொள்கிறது" என்று ஒரு செய்தி கண்ணில் பட்டால், அதன் வேர் இந்த வெங்காய வேர்தான்.

இந்த நிகழ்வை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. செல்லிலிருந்து ஒளி வருகிறதா என்பது ஒன்று. வருகிற ஒளியை இன்னொரு செல் வாங்கிப் பயன்படுத்துகிறதா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் கிடைத்து எழுபது ஆண்டாகிறது. அந்தப் பதிலைக் காட்டி இரண்டாவதும் நிரூபணமானதாகச் சொல்வதுதான் இந்த வழக்கு முழுக்க நடந்துவந்திருக்கிறது.

எண்ணுகிற கண்

தாவரவியல் படித்தவர்களுக்கு வெங்காய வேர்நுனிச் செய்முறை நினைவிருக்கும். வெங்காயத்தைத் தண்ணீர் நிரம்பிய புட்டியின் வாயில் உட்கார வைத்து வேர் விட வைக்க வேண்டும். நுனியை வெட்டி, அமிலத்தில் இளக்கி, அசிட்டோகார்மின் சாயத்தில் ஊறவிட்டு, ஸ்பிரிட் விளக்கின் மேல் லேசாகக் காட்ட வேண்டும். அப்புறம் கண்ணாடி வில்லையை மூடி, உறிஞ்சுதாளை மேலே வைத்துக் கட்டைவிரலால் ஒரே அழுத்து. வில்லை நகர்ந்தால் போச்சு.

கல்லூரியில் நான் இதைச் செய்தபோது, பிரியும் செல் எத்தனை என்று எண்ணி எழுதச் சொன்னார்கள். நானும் பக்கத்தில் இருந்த நண்பனும் ஒரே ஸ்லைடை எண்ணினோம். எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை. நானே மறுபடி எண்ணியபோது என் முதல் கணக்கோடும் ஒத்துப்போகவில்லை. குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டி நிற்கும் செல்லில் சந்தேகமே வராது. பிரிவதற்குத் தயாராகிக்கொண்டிருக்கும் செல்லில்தான் வில்லங்கம். உட்கரு கொஞ்சம் திரிதிரியாகத் தெரிகிறது. இதைப் பிரிகிற கணக்கில் சேர்ப்பதா, வேண்டாமா? நிறைய செல் வேண்டும் என்று மனசு சொன்னால் கை சேர்த்துவிடும். இதற்குப் பொய் சொல்லும் எண்ணம் தேவையில்லை, எதிர்பார்ப்பு போதும்.

குர்விச்சின் முடிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஸ்லைடு ஞாபகம் வருகிறது. எந்தப் பக்கம் கதிர் பட்டது என்று எண்ணுகிறவருக்குத் தெரிந்திருந்தால், சந்தேகத்துக்குரிய செல்கள் அந்தப் பக்கம் போய் உட்காரும்.

சரி, எண்ணியவர் முழு நேர்மையாகவே எண்ணினார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தில் சுமார் 100 பிரியும் செல்கள் கிடைத்தால், தற்செயலான ஏற்ற இறக்கமே 10 வரை வரும். இரண்டு பக்கத்தையும் கழித்துப் பார்க்கும்போது அது 14 ஆகிறது. 25 என்ற வித்தியாசம் அந்தத் தற்செயலின் இரண்டு மடங்குகூட இல்லை. ஒரு வேரில் இதைப் பார்த்து யாரும் துள்ளக் கூடாது. பல வேர்களில் திரும்பத் திரும்ப ஒரே பக்கம் வந்தால் யோசிக்கலாம். அப்போதும் வேரின் வளைவைக் கவனிக்க வேண்டும். லேசாக வளைந்து வளரும் வேரில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் கதிர் எதுவும் இல்லாமலே வேறு வேறு வேகத்தில் வளரும்.

இன்னொரு பிரச்சினை கருவியே. அந்தக் காலத்தில் இவ்வளவு மங்கலான ஒளியை அளக்க நம்பகமான கருவி கிடையாது. உயிரே அளவுகோல் ஆனது: வேர், ஈஸ்ட், பாக்டீரியா. ஈஸ்டில் மொட்டு விட்ட செல்களை எண்ணினார்கள். மொட்டு எப்போது மொட்டு, எப்போது பிரிந்த தனிச் செல் என்பதிலும் அதே தகராறுதான். உயிரை வைத்து அளக்கும்போது வெப்பம், ஈரம், ஊட்டம், செல்கள் வளரும் ஊட்டக் கரைசலான ஊடகம் பழசாகி அதில் தேங்கிய கழிவு எல்லாமே முள்ளை ஆட்டும்.

பெரிய பெயர்களும் சரிந்தார்கள்

இதை எங்கோ ஒதுங்கியிருந்த ஒருவரின் மயக்கம் என்று நினைக்க வேண்டாம். குர்விச் கருவளர்ச்சி ஆய்வில் பெரிய ஆள். வளரும் கருவில் ஒவ்வொரு செல்லும் எங்கே போய் என்ன ஆக வேண்டும் என்பதை ஒரு "புலம்" வழிநடத்துகிறது என்ற எண்ணத்தை உயிரியலுக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர். பின்னாளில் ஹோலோகிராஃபிக்காக 1971இல் நோபல் பரிசு பெற்ற டென்னிஸ் காபோர், இளைஞராக பெர்லினில் சீமென்ஸில் வேலை பார்த்தபோது, ரைட்டர் என்பவரோடு சேர்ந்து இந்தக் கதிரைத் தேடினார். 1928இல் வந்த அவர்கள் அறிக்கை கதிர் இருக்கிறது என்றது. ஆனால் குர்விச் சொன்ன அலைநீளத்தில் இல்லை, வேறு இடத்தில். என் பார்வையில் அப்போதே மணி அடித்திருக்க வேண்டும். ஒரே பொருளைப் பார்க்கும் இரண்டு பேர் அதன் நிறத்தில் ஒத்துப்போகவில்லை என்றால், இரண்டு பேரும் பார்ப்பது ஒன்றையேதானா?

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பாக்டீரியவியலாளர் ஓட்டோ ரான் இதை நம்பி 1936இல் ஒரு நூலே எழுதினார். மனிதனின் விரல் நுனிக் கதிர் ஈஸ்டைப் பாதிக்கிறது என்பது வரை அவர் போனார். கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. சோவியத் ஒன்றியத்தில் குர்விச்சுக்கு 1941இல் ஸ்டாலின் பரிசு கிடைத்தது. புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் இந்தக் கதிர் மறைந்துவிடுகிறது, அதை வைத்து நோயைக் கண்டுபிடிக்கலாம் என்ற பேச்சும் கூடவே ஓடியது.

அடி விழுந்தது 1937இல். விஸ்கான்சினில் அலெக்சாண்டர் ஹாலண்டர், வால்டர் கிளாஸ் என்ற இருவர் இந்தக் கேள்வியை மட்டுமே எடுத்துக்கொண்டு வேலை செய்தார்கள். புறஊதாக் கதிரை அளந்து கொடுக்கும் ஏற்பாடு, உயிர் அளவுகோல்கள், ஒளியை எண்ணும் கருவி எல்லாவற்றையும் பயன்படுத்தினார்கள். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் வெளியீடாக வந்த அவர்கள் அறிக்கையின் முடிவு: கதிர் இருப்பதற்கான சான்று கிடைக்கவில்லை. மேற்கு நாடுகளில் கடை அத்தோடு மூடப்பட்டது. வேதியியல் நோபல் பெற்ற இர்விங் லாங்மியூர், 1953 டிசம்பரில் "நோயுற்ற அறிவியல்" என்று ஒரு சொற்பொழிவு ஆற்றி, ஏமாற்றும் எண்ணம் இல்லாமலே தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் ஆய்வுகளைப் பட்டியல் போட்டபோது, குர்விச்சின் கதிரும் அதில் இருந்தது. காரணத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் விளைவு ஏறக்குறைய மாறுவதில்லை, எப்போதும் கண்ணுக்குத் தட்டுப்படும் எல்லையிலேயே நிற்கிறது என்பது அவர் சொன்ன அடையாளங்களில் ஒன்று.

இங்கே ஒரு கிளைக்கதை. இல்லாத கதிரைத் தேடிய ஹாலண்டர் கையில் மிச்சமிருந்தது புறஊதாவை அலைநீளம் வாரியாகப் பிரித்து, அளந்து உயிர்மேல் பாய்ச்சும் திறமை. அதை வைத்துப் படர்தாமரைப் பூஞ்சையில் எந்த அலைநீளம் அதிக மரபு மாற்றத்தை உண்டாக்குகிறது என்று பார்த்தார். உச்சம் 260 நானோமீட்டர் அருகே வந்தது. டி.என்.ஏ. அடங்கிய நியூக்ளிக் அமில வகை அதிகமாக உறிஞ்சுவதும் அங்கேதான். மரபுப் பொருள் புரதம் என்று பெரும்பாலோர் நம்பிய 1930களின் கடைசி அது. அந்தக் குறிப்பை அன்று அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை.

ஒளி உண்மைதான்

லாங்மியூர் பேசி ஓராண்டுகூட நிறையவில்லை, கதை திரும்பியது. 1954இல் இத்தாலியில் கோல்லி, ஃபாக்கினி என்ற ஆய்வாளர்கள் முளைவிடும் விதைகளை ஃபோட்டோமல்டிபிளையர் குழாயின் முன் இருட்டில் வைத்தார்கள். எண்ணிக்கை ஏறியது. முளையிலிருந்து ஒளி வந்துகொண்டிருந்தது. அதே ஆண்டு ஜூலையில் குர்விச் மாஸ்கோவில் காலமானார்.

ஃபோட்டோமல்டிபிளையர் என்பது ஒற்றை ஃபோட்டானையும், அதாவது ஒற்றை ஒளித்துகளையும், எண்ணத் தெரிந்த குழாய். முன்பக்க உலோகப் பூச்சில் ஒரு ஃபோட்டான் பட்டால் ஒரு எலக்ட்ரான் எகிறும். அது அடுத்த தகட்டில் மோதிச் சிலவற்றைக் கிளப்பும், அவை அடுத்ததில் மோதி இன்னும் பலவற்றை. கடைசித் தகட்டுக்கு வரும்போது ஒன்று பத்து லட்சமாகி, ஒரு மின்துடிப்பாகப் பதிவாகும். குழாயின் சொந்த வெப்பமே அவ்வப்போது எலக்ட்ரானைக் கிளப்பிவிடுவதால், அதைக் குளிரூட்டி வைப்பார்கள். அப்படியும் முழு இருட்டில் சில துடிப்புகள் வரத்தான் செய்யும். மாதிரியை வைத்தபோது வந்ததிலிருந்து வைக்காதபோது வந்ததைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உயிரின் ஒளி.

மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் குவிக்கெண்டன் என்ற வேதியியலாளர், குர்விச்சின் பழைய கேள்வியை மனதில் வைத்தே 1974இல் ஈஸ்டையும், 1988இல் டில்பரி என்பவரோடு சேர்ந்து ஈ.கோலை பாக்டீரியாவையும் அளந்து எழுதினார். நம் குடலில் வாழும், ஒளிரும் உறுப்போ நொதியோ எதுவும் இல்லாத சாதாரண ஈ.கோலை. அதுவும் ஒளிவிட்டது.

எங்கிருந்து வருகிறது இந்த ஒளி? ஆக்சிஜனைப் பயன்படுத்தும் எந்தச் செல்லிலும் கொஞ்சம் ஆக்சிஜன் தறிகெட்டுப்போய், வீரியம் மிக்க வடிவங்களாக மாறும். அவை கொழுப்பையும் புரதத்தையும் கடிக்கும். அந்த வினையில் பிறக்கும் சில கார்பனைல் மூலக்கூறுகள் கிளர்ந்த நிலையில் இருக்கும். பெரும்பாலானவை வெப்பமாக அடங்கிவிடும், அரிதாக ஒன்று ஃபோட்டானைத் துப்பும். கிளர்ந்த ஆக்சிஜனும் அடங்கும்போது சிவப்பிலும் அகச்சிவப்பிலும் கொஞ்சம் விடும். வண்டியின் புகைக்குழாயில் அவ்வப்போது பொறி பறப்பதுபோல. பொறி பறப்பதை வைத்து எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று மெக்கானிக் ஊகிக்கலாம். அதற்காக வண்டி பொறியால் அடுத்த வண்டிக்குச் சேதி சொல்கிறது என்று ஆகாது.

இந்த மங்கல் ஒளியைச் சென்னைக் கடற்கரையில் 2019 ஆகஸ்டில் அலை நீலமாக மின்னியதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் கடலுயிரி, பாக்டீரியாகூட இல்லை. கண்ணுக்குத் தெரிகிற எந்த ஒளியும் நாம் பேசுவது அல்ல.

எவ்வளவு மங்கல் என்று ஒரு கணக்கு போடலாம். இத்தகைய ஒளி பொதுவாகச் சதுர சென்டிமீட்டருக்கு விநாடிக்குச் சிலவற்றிலிருந்து சில நூறு ஃபோட்டான் வரை. நாம் 100 என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சதுர சென்டிமீட்டரில் அடர்த்தியாக 10 கோடி பாக்டீரியா இருக்கட்டும். அப்படியானால் ஒரு பாக்டீரியா ஒரு ஃபோட்டானை விட எடுத்துக்கொள்ளும் நேரம் 10 லட்சம் விநாடி, அதாவது பதினொன்றரை நாள். நல்ல ஊட்டத்தில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும். ஒரு ஃபோட்டான் விடுவதற்குள் எண்ணூறு தலைமுறை வந்துபோகும். ஒரு வார்த்தை சொல்ல எண்ணூறு தலைமுறை பிடிக்கிற ஆளை வாயாடி என்று யார் சொல்வார்?

வெளிச்சத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பௌர்ணமி நிலவு அதே சதுர சென்டிமீட்டரில் விநாடிக்கு ஏறக்குறைய பத்தாயிரம் கோடி ஃபோட்டானைக் கொட்டுகிறது. நிலா வெளிச்சத்தில் காதோரம் கிசுகிசுப்பது என்று கவிஞர்கள் எழுதலாம். இங்கே கிசுகிசுப்பு நிலவைவிட நூறு கோடி மடங்கு சின்னது.

எதிர்த்தரப்புக்கும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். குர்விச் சொன்னது கண்ணுக்குத் தெரியும் ஒளி அல்ல, 190 முதல் 250 நானோமீட்டர் வரையிலான குறும் புறஊதா. ஓசோன் அதை வடிகட்டிவிடுவதால், அந்த அலைவரிசையில் பூமியின் தரை நட்டநடுப் பகலிலும் இருட்டுதான். இரைச்சலே இல்லாத அறை. அங்கே ஒரு கிசுகிசுப்பு கேட்கக்கூடும். இந்த வாதம் அழகானது, எனக்கும் பிடிக்கும். ஆனால் அறைக்குள் பேச ஆள் வேண்டுமே. அந்த அலைநீள ஃபோட்டான் ஒன்றுக்கு 5 முதல் 6.5 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் தேவை. செல்லின் நாணயமான ஏடிபி ஒன்று உடைந்தால் கிடைப்பது அரை எலக்ட்ரான்வோல்ட். மேலே சொன்ன கார்பனைல் வினைகள் தருவதே இரண்டேகாலிலிருந்து மூன்றரை வரைதான். ஒரே இடத்தில் ஒரே நொடியில் அவ்வளவு ஆற்றல் எப்படிச் சேரும் என்பதற்கு ஒப்புக்கொள்ளத்தக்க வழி இன்னும் யாரும் காட்டவில்லை.

1970களில் ஜெர்மானிய இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் ஆல்பர்ட் பாப் இந்த ஒளிக்கு "பயோஃபோட்டான்" என்ற பெயரைப் பரப்பினார். இது லேசர்போல ஒத்திசைவான ஒளி, அதனால் தகவல் சுமக்கும் என்பது அவர் வாதம். ஃபோட்டான்கள் வந்து விழும் புள்ளிவிவரம் ஒத்திசைவான ஒளிக்குரியது என்று காட்டினார். பல நிறங்கள் கலந்த சாதாரண ஒளியும் இவ்வளவு மங்கலாக வந்தால் அதே புள்ளிவிவரத்தைத்தான் தரும். ஆகவே அது எதையும் நிரூபிக்கவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இப்போது அந்தப் பெயரில் பட்டையும் விளக்கும் விற்கிறார்கள்.

இடைவெளியைத் தாண்டியது எது?

இனி இரண்டாவது கேள்வி. தொடாமல், ஊடகம் கலக்காமல் வைத்த இரண்டு பாக்டீரியாக் கூட்டங்களில் ஒன்று மற்றொன்றைப் பாதிக்கிறதா? பாதிக்கிறது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

2002இல் ஹீல், பார்சன்ஸ் என்ற ஆய்வாளர்கள் நடுவில் சுவர் வைத்த பெட்ரி தட்டில் ஈ.கோலையை இரண்டு பக்கமும் வளர்த்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் ஆன்டிபயாட்டிக். பொதுவாகச் செத்திருக்க வேண்டிய அந்தப் பக்கத்து பாக்டீரியா, அடுத்த பக்கத்தில் வளரும் கூட்டம் இருந்தால் பிழைத்தது. நடுவில் காற்று மட்டுமே. ஒளியை நம்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல காட்சி வேண்டுமா? ஆனால் சுவருக்கு மேலுள்ள காற்று வழியை அடைத்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. காற்றில் எதுவோ போயிருக்கிறது.

அந்த எதுவோ என்ன என்று பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் கிகோவின் குழு 2011இல் காட்டியது: அம்மோனியா. ஒரு பாக்டீரியாக் கூட்டம் விடும் அம்மோனியா காற்றில் பரவி, பக்கத்துக் கூட்டத்தின் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பை மாற்றுகிறது. ஈஸ்டில் இதற்கு முன்பே, 1997இல், ப்ராகில் பால்கோவாவின் குழு ஒரு காலனி இன்னொரு காலனியின் வளர்ச்சியை அம்மோனியாவால் மட்டுப்படுத்துவதைக் காட்டியிருந்தது. கழிவறை வாடை என்று நாம் மூக்கைப் பொத்தும் வாயு, அவற்றுக்கு அக்கம்பக்கத்துச் சேதி.

குர்விச்சின் கண்ணாடித் துண்டு இப்போது வேறு மாதிரி தெரிகிறது. கண்ணாடி புறஊதாவை மட்டுமா தடுத்தது? காற்றையும் தடுத்தது. குவார்ட்ஸும் அதே அளவு காற்றைத் தடுத்திருந்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும். ஒரு துண்டு ஓரத்தில் அரை மில்லிமீட்டர் கூடுதலாக விலகி நின்றாலும், வாயு சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடும்.

குவார்ட்ஸ் விளையாட்டு இன்றும் தொடர்கிறது. 2009இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் டேனியல் ஃபெல்ஸ், பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரியைக் கண்ணாடிக் குப்பியிலும் குவார்ட்ஸ் குப்பியிலும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, இருட்டில் வளர்த்து, அண்டை அயல் கூட்டம் செல் பிரிவைப் பாதிப்பதாக எழுதினார். மூடிய குப்பி என்பதால் வாயு வாதம் இங்கே பலவீனமாகிறது. ஆனால் சில இணைகளில் வளர்ச்சி கூடியது, சிலவற்றில் குறைந்தது. இரண்டு பக்கமும் போகக்கூடிய விளைவை வைத்து ஒரு கருதுகோளைத் தோற்கடிப்பது கஷ்டம். எது வந்தாலும் வெற்றிதான். குர்விச்சின் பேரன் லெவ் பெலூசோவ், அவரும் மாஸ்கோவில் கருவளர்ச்சி ஆய்வாளர், 2015இல் வோலோத்யாயெவ் என்பவரோடு சேர்ந்து தாத்தாவின் கேள்வியை மறுபடி அலசிக் கட்டுரை எழுதினார். குடும்ப வழக்கு மூன்றாம் தலைமுறைக்கு வந்தும் தீர்ப்பு ஆகவில்லை. 2013இல் செக் நாட்டின் குசெரா, சிஃப்ரா இருவரும் சமிக்ஞையையும் இரைச்சலையும் கணக்குப் போட்டு, செல்லுக்குச் செல் ஒளிப்பேச்சு எவ்வளவு கடினமான காரியம் என்று எழுதினார்கள். அவர்கள் இந்தத் துறைக்குள்ளேயே வேலை செய்கிறவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆய்வகத்தில் வேறு சில்லறைத் தொல்லைகளும் உண்டு. அறை விளக்கில் நின்ற பிளாஸ்டிக் தட்டு இருட்டுக்குள் போன பிறகும் சிறிது நேரம் ஒளிரும். ஊட்ட ஊடகமே, உள்ளே ஒரு பாக்டீரியாவும் இல்லாமல், ஆக்சிஜனோடு வினைபுரிந்து கொஞ்சம் ஒளிவிடும். வெறும் ஊடகத்தைத் தனியாக அளக்காத கட்டுரையை நான் இரண்டாம் பக்கத்தோடு மூடிவிடுவேன்.

பேச்சு என்றால் எப்படி இருக்கும்

பாக்டீரியா பேசுகிறது என்பதற்கு முறையான சான்று எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால், ஒளிரும் பாக்டீரியாவிடமே போகலாம். விப்ரியோ ஃபிஷெரி கடலில் வாழ்வது. ஹவாயின் குட்டைவால் கணவாயின் ஒளியுறுப்பில் குடியிருப்பது. முழுப் பிரகாசத்தில் ஒரு செல் விநாடிக்கு ஆயிரம் ஃபோட்டான் அளவுக்கு விடும். நம் ஈ.கோலையைவிட நூறு கோடி மடங்கு.

1970இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் இதில் ஒரு வினோதத்தை எழுதினார்கள். புதிய ஊடகத்தில் விட்டதும் பாக்டீரியா பெருகத் தொடங்குகிறது, ஆனால் ஒளிர்வதில்லை. கூட்டம் அடர்ந்த பிறகு திடீரென்று ஒளி பிறக்கிறது. ஏற்கெனவே பாக்டீரியா வளர்ந்த ஊடகத்தின் தெளிநீரைப் புதிய கூட்டத்தில் ஊற்றினால், அது சீக்கிரமே ஒளிர்கிறது. அந்த நீரில் ஏதோ இருக்கிறது.

1981இல் அந்த ஏதோவைப் பிரித்தெடுத்து மூலக்கூறு அமைப்பைக் கண்டார்கள்: ஹோமோசெரின் லாக்டோன் வகையைச் சேர்ந்த சிறு மூலக்கூறு. ஒவ்வொரு செல்லும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகிறது. கடலில் செல்கள் சிதறிக் கிடக்கும்போது அது கரைந்து காணாமல் போகும். கணவாயின் உறுப்புக்குள் நெருக்கியடித்து இருக்கும்போது தேங்கும். தேங்கி ஓர் அளவைத் தாண்டினால் லக்ஸ்ஆர் என்ற ஏற்பிப் புரதத்தில் போய் உட்கார்ந்து ஒளி மரபணுக்களை முடுக்கிவிடும். 1983இல் எங்கெபிரெக்ட் குழு அந்த மரபணுத் தொகுதியை அப்படியே எடுத்து ஈ.கோலைக்குள் வைத்தது. ஈ.கோலையும் கூட்டம் சேர்ந்தபோது மட்டும் ஒளிர்ந்தது. 1994இல் இதற்குக் "கோரம் சென்சிங்" என்ற பெயர் வந்தது. சபையில் குறைந்தபட்ச ஆள் சேர்ந்தால்தான் தீர்மானம் போடலாம் என்பதுபோல.

இங்கே அனுப்புகிறவர், செய்தி, வாங்குகிற காது, வாங்கியதும் நடக்கும் வேலை என எல்லாம் கையில் இருக்கின்றன. மூலக்கூறை நீக்கினால் ஒளி நிற்கிறது, சேர்த்தால் வருகிறது. ஏற்பியைக் கெடுத்தால் எவ்வளவு சேர்த்தாலும் வருவதில்லை. ஒளி இங்கே பேச்சு இல்லை, பேசி முடித்ததன் விளைவு. கிண்டலாகச் சொன்னால், ஊரிலேயே அதிகம் ஒளிரும் பாக்டீரியாகூடத் தன் இனத்தோடு பேச வேதிப்பொருளைத்தான் நம்புகிறது.

பாக்டீரியாவுக்குக் கண்ணே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நீல ஒளியை உணரும் புரதங்கள் பலவற்றில் இருக்கின்றன, ஈ.கோலையிலும் உண்டு. சினெக்கோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாக்டீரியா தன் உருண்டை உடலையே வில்லையாக்கி வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுகொள்கிறது. 2016இல் வெளியான இந்த ஆய்வில், செல்லின் பின்சுவரில் வெளிச்சம் ஒரு புள்ளியாகக் குவிவதைப் படம் பிடித்தே காட்டியிருக்கிறார்கள். காது இருக்கிறது. அது விநாடிக்கு ஆயிரக்கணக்கில் ஃபோட்டான் வந்து மோதும் வெளிச்சத்துக்கான காது. பதினொரு நாளைக்கு ஒன்று என்பதைக் கேட்கத் தீட்டப்பட்டதா என்பதுதான் கேள்வி.

ஆகவே ஒளிப்பேச்சை நம்புகிறவர்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு சோதனை. இரண்டு அறை கொண்ட குப்பி, நடுவில் உருக்கி ஒட்டிய குவார்ட்ஸ், காற்று போக வழியே இல்லாமல். ஒரு பக்கம் வளரும் ஈ.கோலை. மறுபக்கம் ஒரு தட்டில் சாதாரண ஈ.கோலை, இன்னொரு தட்டில் ஒளி உணரும் புரதத்தின் மரபணுவை நீக்கிய ஈ.கோலை. எந்தத் தட்டு எது என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. சாதாரணத் தட்டு அசைந்து, மரபணு நீக்கிய தட்டு அசையாமல் இருந்தால், வேறு ஊரில் வேறு கையாலும் அப்படியே வந்தால், இந்தக் கட்டுரையை நானே திருத்தி எழுதுகிறேன்.